வாசலின் அகலம்

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் வெயில் சாய்கிறது. தேவாலயத்துக்கு இந்த இடத்தைக் கொடுப்போமா என்று தையல்காரி கேட்டபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்ட புருஷன், இன்று தானாகவே போய்ப் போதகரை அழைத்து வந்திருக்கிறான். ஆராதனைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத அந்தத் தச்சன் இப்போது கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து நிற்கிறான். மறுமுனை அவள் கையில். கொத்தனார் தூவும் சுண்ணாம்பு கயிற்றோரமாக வெள்ளைக் கோடாய் விழுகிறது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று அவளுக்கு விளங்கவில்லை. "மனசு மாறிட்டீங்களா?" "கயித்தைத் தொய்ய விடாத." வாசலுக்கு விட்ட இடம் போதாதென்று அவன் கோட்டைச் செருப்பால் அழிக்கிறான். "ரெண்டு பேர் தாராளமா நுழையலாமே தம்பி," என்கிறார் போதகர். "பெட்டி திரும்பணும் ஐயா. நீங்க ஆராதனை நடத்துற வாடகைக் கூடத்து வாசல்ல எம்புள்ளையோட சவப்பெட்டி திரும்பல. சாய்ச்சுத்தான் கொண்டு போனோம்." போதகர் வேதப்புத்தகத்தைக் கை மாற்றிப் பிடிக்கிறார். "அப்போ நீங்களும் வருவீங்களா?" என்று அவள் மெதுவாகக் கேட்கிறாள். "நான் எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே கயிற்றோடு இன்னும் ஓரடி தள்ளிப் போகிறான். கயிறு கையை இழுக்க, அவனுக்குள் இருப்பது கோபமா விசுவாசமா என்று பிடிபடாமல் அவளும் கூடவே நகர்கிறாள்.