கைக்கு எட்டிய கொண்டை

ஞாயிற்றுக்கிழமைக் காலை. கல்பாக்கத்தை அடுத்த சவுக்குத் தோப்புக்கு மேலே வெயில் ஏறி, வீட்டின் பின்புறச் சுவரில் விழுகிறது. சர்ச்சுக்குப் புறப்பட வேண்டிய சந்திரம்மா ஈர முடியை அவிழ்த்துவிட்டு நிற்கிறாள். பின்னால் சீப்போடு மோசஸ். தோள்பட்டை இறுகி அவளுடைய வலது கை மேலே எழாமல் போனதிலிருந்து, ஒரு வருஷமாகத் தலை வாரிவிடுவது புருஷன்தான். வயசானால் அப்படித்தான் என்று ஊரே சொன்னது. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி, தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு இந்தச் சுவரில்தான் விரல்களை மேலே மேலே நகர்த்தினாள். சுண்ணாம்பில் அந்த விரல்களின் எண்ணெய்த் தடங்கள் அவளுடைய தலை உயரம்வரை ஏறியிருக்கின்றன.

"ஆடாம நில்லேன்" என்கிறான் மோசஸ்.

"நீ தள்ளு. நானே போட்டுக்குறேன்."

"வேணாம் சந்திரா, அப்பால வலிக்குதுன்னு அழுதுகினு இருப்பே."

கை மெல்ல எழுகிறது. சுவரின் பிடிப்பு இல்லாமல், தோள் உயரத்தில் வழக்கம்போல் பிடித்துக்கொள்கிறது. அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடுகிறாள். உள்ளே ஏதோ நெகிழ்ந்து கொடுக்க, முழங்கை காதைத் தாண்டிப் போகிறது. கண்ணாடி வளையல்கள் கலகலவென்று சரிகின்றன. பிடரிக்குப் பின்னால் இரண்டு கைகளும் சந்திக்கின்றன. முடியை அள்ளி, முறுக்கி, சுற்றிச் செருகுகிறாள். கொண்டை கொஞ்சம் கோணல்தான்.

"இன்னா பாத்துகினு கீற? உன் வேலை போச்சு, போ!"

மோசஸ் சிரித்துக்கொண்டே நிற்கிறான். கொண்டை முடிந்தும் அவள் வலது கையை இறக்கவில்லை. துணிக்கொடிக்கும் மேலே, வெயிலுக்குள், அதை நீட்டிப் பிடித்துக்கொண்டே நிற்கிறாள்.