ஏழடி தள்ளி

"வீடு நிக்குமா, போகுமா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க சார். ரெண்டு வருசமா ஒழுங்காத் தூங்கல."

மோர்ச் செம்பை நீட்டியபடி கேட்டாள் ராக்கம்மாள். சர்வேயர் ஞானதுரை கையிலிருந்த கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு மடக் மடக்கென்று குடித்தான். புறவழிச் சாலைக்காக உத்தமபாளையத்துப் பக்கம் அளக்க வந்த நாளிலிருந்து போன வீட்டிலெல்லாம் வசவுதான். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்தே விட்டார்கள். கால் வீங்கி, நாக்கு வறண்டு, சே, என்ன பிழைப்பு இது என்று ஆகிவிட்டது அவனுக்கு. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தது இவள் ஒருத்திதான்.

"முன்னாடி அளந்தவுக என்னக்கா சொன்னாக?"

"டேப்பைப் பிடிச்சவுக வீடு போகுதுன்னாக. அடுத்து வந்தவுக நிக்குதுன்னாக. விடியுமுன்ன ஜீப்புல மலையேறி, ஏலக்காய் எடுத்துக் கட்டுன வீடு சார். இடிச்சுட்டா நான் எங்கன போவேன்?"

"இது டேப்பு இல்லக்கா, சேட்டிலைட்டு. காலையில பின்னாடி தரிசுல மூணு கால் ஸ்டாண்டு ஒண்ணு நிறுத்துனேன்ல? அதுவும் இந்தக் கம்பும் பேசிக்கிட்டு அஞ்சே நொடியில இடத்தைச் சொல்லிரும். ஒரு விரக்கடை பிசகாது."

எழுந்து, வீட்டின் முன்மூலையில் கம்பை ஊன்றினான். ஐந்து நொடி போய், ஐந்து நிமிடமும் போனது.

"ஏன் சார் முழிக்குறீக?"

"காலையிலருந்தே இழுக்குது. என்னைய மாதிரி இதுக்கும் அலுப்பு போல."

ஒருவழியாகக் கம்பில் மாட்டியிருந்த திரையில் எண் வந்து நின்றது. இரண்டு தரம் பார்த்தான்.

"ரோட்டு எல்லை வீட்டுக்கு ஏழடி தள்ளிப் போகுதுக்கா. வீடு தப்பிச்சிருச்சு!"

ராக்கம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகையோடு போடியிலிருக்கும் மகளுக்குப் போன் போட்டாள். "ஆத்தா நதியா, வீடு நிக்குதுடி! மெசினே சொல்லிருச்சு!"

ஞானதுரைக்கும் மனசு குளிர்ந்தது. இன்றைக்காவது ஒருத்தர் வாயால் நல்ல வார்த்தை. சாமான்களைக் கட்டலாம் என்று தரிசுக்குப் போனான். ஸ்டாண்டு நின்ற இடத்தில் மூன்று குழிதான் இருந்தது. ஸ்டாண்டு, ரோடு வரப்போகும் பக்கமாகப் பத்தடி தள்ளி, முருங்கை மரத்தடியில் நின்றது.

"அதுவா சார்?" கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தாள் ராக்கம்மாள். "காலையில நீங்க அங்கிட்டுப் போனதும் நான்தான் அலுங்காமத் தூக்கி நெழல்ல வச்சேன். நீங்கதான் வெயில்ல சாகுறீக, அதாவது நல்லா இருக்கட்டும்னு."

அன்றைய அளவெல்லாம் காலையில் அந்த ஸ்டாண்டு நின்ற இடத்தை வைத்துத்தான். அது நகர்ந்தது தெரியாமல், நகர்ந்த பத்தடிக்கு வீட்டையும் ரோட்டிலிருந்து பத்தடி தள்ளிக் காட்டியிருக்கிறது கருவி. ஞானதுரை ஏழிலிருந்து பத்தைக் கழித்தான். ரோடு அவள் வீட்டுக்குள் மூன்றடி வந்து நின்றது.