ரெஃப்ரி நிற்கும் இடம்

"தம்பி, நீ ரெஃப்ரியா, இல்ல என் கேமராவுக்கு மாட்டுன திரையா?"

ஆட்டம் முடிந்து ஐஸை விட்டு வெளியே வந்த அருள்முருகனை வாசலிலேயே மடக்கினார் செய்கு முகம்மது. அபுதாபி பக்கம் அல் ஐனில் துணிக்கடைக்காரர். வெள்ளிக்கிழமை வந்தால் போதும், கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, வீடியோ கேமராவும் கையுமாக இந்த ஐஸ் அரங்குக்கு வந்துவிடுவார். மகன் ரிபாய் ஐஸ் ஹாக்கி ஆடுவதைப் படம் பிடித்து, ஊருக்குப் போகிறவர் யாரிடமாவது டேப்பைக் கொடுத்தனுப்பினால்தான் அவருக்கு நிம்மதி. படுத்த படுக்கையான தகப்பனாரைப் பார்த்துக்கொள்ளக் கீழக்கரைக்குப் போயிருந்த மனைவி ஹபீபுன்னிசா, மகனைக் கண்ணால் காண்பது அந்த டேப்பில் மட்டும்தான்.

"ஸாரி பாய். ஆட்ட வேகத்துல நின்னுட்டேன்."

"ஒரு வாரமா, ரெண்டு வாரமா? எப்பப் பாரு கேலரிப் பக்கம், என் கேமராவுக்கு நேரா! பந்து அந்தக் கோடியில கெடக்கு, நீ இங்க நிக்கிறே." ஐஸில் வழுக்கி ஓடும் அந்த ரப்பர் வட்டு அவருக்குப் பந்துதான். "கோல் கோட்டுக்கு நேரா, மூலையில போய் நின்னாத்தானே உள்ள போச்சா இல்லையான்னு தெரியும்? இன்னிக்கு என் மவன் அடிச்சது கோலா இல்லையா?"

அருள்முருகன் தலையைச் சொறிந்தான். "சரியாத் தெரியல பாய்."

"எப்படித் தெரியும்? பெத்தவ அங்க காத்துக் கெடக்கா. அவ என்னத்தப் பார்ப்பா, உன் வரிச்சட்டையையா?"

ஊர்க்காரப் பையனாயிற்றே என்று இத்தனை நாள் பொறுத்தவர், நேராக அரங்கு சூப்பர்வைசர் முகம்மது சித்தீக்கிடம் போய்விட்டார்.

சித்தீக் சுற்றி வளைக்கவில்லை. "அருள், ஆட்டத்துக்கு மூலைதான் உன் இடம். இனிமே கேலரிப் பக்கம் வந்தே, விசில் வேற ஆளுக்குப் போயிடும். கலாஸ், அவ்வளவுதான்."

அடுத்த வெள்ளிக்கிழமை அருள்முருகன் கேலரிப் பக்கமே வரவில்லை. எதிர்ச்சுவரை ஒட்டியே ஓடி, மூலையில் நின்று ஒவ்வொரு கோலையும் சரியாகச் சொன்னான். ரிபாய் போட்ட இரண்டு கோலும் கேமராவில் பளிச்சென்று விழுந்தன.

"இப்படி நின்னா எவ்வளவு நல்லாருக்கு!" என்று பாய் முதுகில் தட்டினார். அவன் ஸ்கேட் காலணிகளை அடுக்கும் வேலைக்குப் போய்விட்டான். டேப் அன்றைக்கே ஒருவர் பெட்டியில் ஊருக்குப் பறந்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கேலரியில் பாயைக் காணோம். ரெஃப்ரி நிற்கும் எதிர்ப்பக்க மூலையில், கண்ணாடித் தடுப்புக்கு வெளியே கேமராவோடு நின்றார். மறுபடியும் ஏதோ புகார் என்று அருள்முருகன் நினைத்தான். இடைவேளையில் ஓடி வந்தான்.

"பாய், சரியான இடத்துலதானே நிக்கிறேன்? இன்னும் என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. அங்கேயே நில்லு."

"இங்கேருந்து உங்க மவன் சரியாத் தெரியமாட்டானே. அக்கா கேப்பாங்களே?"

"அவதான் நேத்து போன் பண்ணி என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா." பாய் கேமராவைத் தூக்கினார். "ஏன்டா, வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? உன் வீட்டுக்காரி விஜி எங்க வீட்டுக்குத்தான் டேப் பார்க்க வருதாமே. அந்த ஹெல்மெட்டைக் கழட்டிட்டு இப்படித் திரும்பு. நீ இங்க வந்தப்புறம் பொறந்த உன் புள்ள, போன டேப்புல அப்பாவக் காணோம்னு டிவிக்குப் பின்னால போய்த் தேடிச்சாம்."