தகர டப்பா

"அக்கா, ஒரே ஒரு தடவை நானே பேசிப் பார்க்கட்டுமா?" என்று நடிகை கேட்டாள்.

மைக் முன்னால் நின்றிருந்தவள் ஹெட்போனைக் கழற்றினாள். நடிகையின் முதல் படத்திலிருந்து அவளுக்குக் குரல் கொடுப்பவள் இவள்தான். நேரில் பார்ப்பது இன்றுதான்.

திரையில் தெரிவதைவிடச் சின்னப் பெண். அதுவே எரிச்சலாக இருந்தது.

இன்றைக்குப் பேச வேண்டியது படத்தின் வசனம் இல்லை. நடிகையைப் பற்றிய ஆவணப்படம். திரையில் அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தன் பள்ளிக்கூட நாட்களைச் சொல்கிறாள். வாயைத் திறந்தாலே வகுப்பு முழுக்க 'தகர டப்பா' என்று கத்துமாம். வாத்தியார் பெயரைக் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் கையை மட்டும் தூக்குவாளாம். மதியச் சாப்பாடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தனியாக.

அதையும் ரசிகர்களுக்குப் பழகிய குரலில்தான் சொல்ல வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார்.

"இதையாவது நான் சொல்றேனேக்கா."

டப்பிங்காரி வசனத்தாளைப் புரட்டினாள்.

போன வருடம் நடிகைக்கு விருது கிடைத்தது, ஓர் அழுகைக் காட்சிக்காக. காமிராவுக்கு முதுகைக் காட்டி அழுத காட்சி. முதுகு நடிகையுடையது. விருது வாங்கியதை டப்பிங்காரி துணி மடித்துக்கொண்டே டிவியில் பார்த்தாள்.

அவளையும்தான் பள்ளிக்கூடத்தில் பல்லை வைத்துத் 'தேங்காய்த் துருவி' என்றார்கள். அதைப் படம் எடுக்க யாரும் வரவில்லை.

"வா, வந்து நில்லு" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

இயக்குநர் போன் பேச வெளியே போயிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளன் மட்டும் இருந்தான். நடிகை பேசினாள். டப்பிங்காரி இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

பேசி முடித்ததும் நடிகை அவள் முகத்தைப் பார்த்தாள்.

"உள்ளதைச் சொல்லுங்கக்கா. நீங்க சரின்னு சொன்னா டைரக்டர்கிட்ட நான் சண்டை போட்டுக்கறேன். அடுத்த படத்துலயும் நானே பேசிடுவேன்."

டப்பிங்காரி ஹெட்போன் வயரைச் சிக்கெடுத்தாள். அதில் சிக்கே இல்லை.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்தக் கரகரப்பு இன்னும் போகலம்மா. தியேட்டர்ல ஒருத்தன் சிரிச்சா போதும், எல்லாரும் சிரிச்சிடுவாங்க."

நடிகை வேகமாகத் தலையாட்டினாள். பழக்கப்பட்ட தலையாட்டல்.

"தேங்க்ஸ்க்கா. வேற யாரும் இவ்வளவு வெளிப்படையா சொல்ல மாட்டாங்க."

போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோபாவில் உட்கார்ந்தாள். ஒலிப்பதிவாளன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இயக்குநர் உள்ளே வந்துவிட்டார்.

டப்பிங்காரி பேசினாள். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

"சுத்தமா இருக்குக்கா. ஆனா மனசுல ஒட்டல" என்றார் இயக்குநர்.

மறுபடி பேசினாள்.

"இப்ப நீங்க அழறீங்க. அவ அழல."

மறுபடி. மறுபடி. தொண்டை காய்ந்தது. காபி குடித்துவிட்டு வரலாம் என்று இயக்குநர் நடிகையையும் அழைத்துக்கொண்டு வெளியே போனார்.

கதவு மூடும்வரை டப்பிங்காரி காத்திருந்தாள்.

"தம்பி, அந்தப் பொண்ணு பேசினது இருக்கா?"

"இருக்குக்கா. அழிக்க மனசு வரல."

"என் காதுல போடு."

அவன் போட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டி என்று சொல்லும் இடத்தில் அந்தக் குரல் தாழ்ந்தது. லேசாக உடைந்தது. பிறகு ஒரு சின்னச் சிரிப்பு, மற்றவர்கள் சிரிப்பதற்குள் தானே சிரித்துவிடுவதுபோல.

டப்பிங்காரியின் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. முதல் தடவை கேட்டபோதும் அப்படித்தான் நின்றது.

"இன்னொரு வாட்டி போடு" என்றாள்.

இயக்குநரும் நடிகையும் திரும்பி வந்ததும் டப்பிங்காரி ஒரே மூச்சில் பேசினாள். தாழ வேண்டிய இடத்தில் தாழ்ந்து, உடைய வேண்டிய இடத்தில் உடைந்து, சிரித்து.

இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இதான்! இதை எங்கேருந்துக்கா பிடிக்கறீங்க?"

"அதெல்லாம் தானா வரணும் சார்."

ஒலிப்பதிவாளன் தலை நிமிரவில்லை.

நடிகை கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். டப்பிங்காரியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேளைக்கா, நான் பேசல."