பன்னிரண்டாம் அத்தியாயத்து நாய்

"வாயில்லாத ஜீவனைக் கொல்ல எப்படிங்க உங்களுக்கு மனசு வந்துச்சு?"

குன்வோர் கையெழுத்துப் பிரதியை மேஜைமேல் பொத்தென்று போட்டாள். பின்லாந்துத் தலைநகர் ஹெல்சின்கியில் இருந்த அந்தப் பதிப்பகத்திலிருந்து அவள் திருத்தாமல் ஒரு நாவலும் வெளியே போனதில்லை.

எதிரே ஹெய்மோ. மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். இருபது வருஷத்துக்கு முன்னால் எல்லைப் போரில் சிப்பாயாகச் சண்டை போட்டவர். அதைத்தான் நாவலாக எழுதியிருந்தார். முதல் நாவல். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எதைச் சொல்றீங்கம்மா?"

"பன்னிரண்டாம் அத்தியாயம். பனிக்காட்டுல முப்பது பேர் ஒளிஞ்சிருக்காங்க. கூப்பிடு தூரத்துல எதிரி போறான். அவங்க கூட வந்த நாய் அடிபட்டு முனகுது. உங்க கதாநாயகன் அதோட வாயைப் பொத்துறான், அது சாகிற வரைக்கும் கையை எடுக்கலை. இதைப் படிச்சிட்டு எங்க டைப்பிஸ்ட் மத்தியானம் சாப்பிடவே இல்லை, தெரியுமா?"

"அதுக்கு முன்னால இருநூறு பேர் செத்திருக்காங்களேம்மா. அன்னிக்கெல்லாம் சாப்பிட்டாங்களா?"

"அது போர். அதுக்குத் தயாராத்தான் வாசகர் புத்தகத்தையே எடுக்கிறார். நாய்க்கு யார் தயாரா வருவாங்க?"

ஹெய்மோ மடியிலிருந்த தொப்பியைத் திருப்பி வைத்தார். குன்வோர் தொடர்ந்தாள்.

"மத்த மிருகமெல்லாம் பிரமாதம். குதிரை, உழைக்கிற ஜனங்களோட குறியீடு. காக்கா, மனுஷனோட பேராசை..."

"காக்கா காக்காதாம்மா. பொணம் கிடந்தா வரும்."

அவள் காதில் வாங்கவில்லை. "நாய்னா விசுவாசம். விசுவாசத்தைக் கொல்றவன் மனுஷனா? இவனை எந்த வாசகர் மன்னிப்பார்?"

"மன்னிக்க வேணாம்மா."

என்ன கல் நெஞ்சு! நிஜமாகவே ஏதோ நாயைக் கொன்றிருப்பார் என்று குன்வோருக்குத் தோன்றியது. அந்தத் தடித்த விரல்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"ஒரு வழி இருக்கு. நாயை எடுத்துடுங்க. அந்த இடத்துல அடிபட்ட சிப்பாய் ஒருத்தனைப் படுக்க வைங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

"மனுஷன்னா பரவாயில்லையா?"

"தாராளமா. ஒருத்தரும் எங்களைத் திட்டிக் கடிதாசி போடமாட்டாங்க."

ஜன்னலுக்கு வெளியே போன டிராம் மறையும்வரை ஹெய்மோ அதையே பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார்.

"சரிம்மா. மாத்திடறேன்."

இவ்வளவு சீக்கிரம் வழிக்கு வருவார் என்று குன்வோர் நினைக்கவே இல்லை. உற்சாகமாகப் பேனாவைத் திறந்தாள்.

"நல்லது! அந்தச் சிப்பாய்க்கு ஒரு பேர் வேணுமே. உருக்கமா ஒண்ணு யோசிப்போமா?"

"யோசிக்க வேணாம்மா. தௌனோன்னு எழுதிக்குங்க."

"யார் அது?"

ஹெய்மோ தன் கைகளைப் பார்த்தார்.

"என் தம்பி. எங்க கூட்டத்துல நாயே கிடையாதும்மா. உள்ளபடி எழுதக் கை வரலை, அதான் நாய்னு எழுதினேன்."