நாற்பத்தேழாம் எண்ணின் ஒன்பது நாள்

கோமதி முதல் கண்ணாடித் தாளை புரொஜெக்டர் மேல் வைத்தாள். சுவரில் கறுப்புக் கோடுகள் விழுந்தன.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

அவளுடைய முதுகலை ஆய்வுக்கு மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். வரலாற்றுத் துறைக்காரர் போட்டுவிட்டார். மருத்துவத் துறை அம்மையாரும் போட்டுவிட்டார். மிச்சம் பொருளாதாரம், அதாவது நான். நான் போடாவிட்டால், கிள்ளானிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி அவள் வந்துபோன இரண்டு வருடமும் வீண்.

போடுவதில்லை என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன்.

அது 1991. அவள் எடுத்திருந்த மகளிரியல் எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் புதிது. கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் வைத்தியம், கொஞ்சம் புள்ளிவிவரம். அதற்கு, காயும் பழமும் கலந்துகட்டிய ரோஜாக் என்று பெயர் வைத்து ஆசிரியர் அறையைச் சிரிக்க வைத்தவனே நான்தான். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது என் கட்சி.

சுவரில் விழுந்த கோடுகள் எனக்குப் பழையவை. கிள்ளானுக்குப் பக்கத்தில் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தின் செக்ரோல் என்ற கூலிக் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. 1948 முதல் 1952 வரை. தொழிலாளிக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு கோடு. அன்றன்றைக்கு அவன் எத்தனை ராத்தல் ரப்பர் பால் கொண்டுவந்தான் என்பதைக் கோடு சொல்லும். எண்கள் எல்லாம் ஆண்களுடையவை.

அந்தப் புத்தகங்களை வைத்துத்தான் நான் டாக்டர் பட்டமே வாங்கினேன்.

கோடு திடீரென்று பாதியாகச் சரிகிற இடங்களும் எனக்குத் தெரியும். மழை, காய்ச்சல், கள்ளுக்கடை என்று விளக்கம் எழுதியிருந்தேன். லண்டனில் இருந்தெல்லாம் பாராட்டிக் கடிதம் வந்தது.

கோமதி இரண்டாவது தாளை எடுத்தாள். அதே தோட்டத்து ஆஸ்பத்திரியின் பிரசவப் பதிவேடு என்றாள். அதில் கோடு கிடையாது, சிவப்புப் புள்ளிகள் மட்டும். ஒரு பிரசவத்துக்கு ஒரு புள்ளி, கணவனின் எண்ணுக்கு நேராக, பிரசவ தேதியில்.

அதை முதல் தாளின் மேல் வைத்தாள். ஓரங்கள் சேரும்வரை விரலால் மெல்ல நகர்த்தினாள்.

புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு சரிவின் தலையில் போய் உட்கார்ந்தன.

மொத்தம் அறுபத்துநான்கு சரிவுகள். மூன்றுதான் புள்ளி இல்லாமல் நின்றன. மழையையும் காய்ச்சலையும் கள்ளையும் நான் அந்த மூன்றுக்குள் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சொல்வதில் வெட்கம் இல்லை.

மனைவி பிள்ளை பெற்றால் கணவனின் பால் ஏன் பாதியாகக் குறைய வேண்டும்? பாதி மரம் அவள் சீவியது. பால் வடியும் மங்கு துடைத்தவள் அவள், வாளி சுமந்தவள் அவள். வீட்டுக்கு ஓர் எண் போதும் என்று கணக்கெழுதும் கிராணி எல்லாவற்றையும் அவன் கணக்கில் எழுதிவிட்டார். அவள் படுத்த பிறகுதான் அவள் இருந்ததே தெரிகிறது.

எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லாத அத்தனை பெண்களும் அந்தச் சுவரில் வந்து நின்றார்கள்.

என் செக்ரோல் இதைத் தனியாகச் சொல்லாது. ஆஸ்பத்திரிப் பதிவேடும் சொல்லாது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்கலாம் என்று யாருக்காவது தோன்ற வேண்டும். பத்து வருடம் அந்தக் கோடுகளோடு குடித்தனம் நடத்திய எனக்குத் தோன்றவில்லை. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது.

கோடுகள் எப்போது திரும்ப ஏறுகின்றன என்று கோமதி காட்டினாள். சிலருக்கு இருபத்தைந்து நாள், சிலருக்கு முப்பது. மருத்துவத் துறை அம்மையார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்தே போய், சுவருக்குப் பக்கத்தில் நின்று எண்ண ஆரம்பித்துவிட்டார்.

கேட்க வைத்திருந்த பதினோரு கேள்விகளையும் மடித்துப் பைக்குள் போட்டேன். படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். கோமதி அதைப் பார்த்துவிட்டு ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள்.

என் பார்வை மட்டும் ஒரு கோட்டைவிட்டு நகரவில்லை.

நாற்பத்தேழாம் எண். 1950 ஜூன். மற்றவர்களைப் போலவே சரிந்திருந்தது. ஆனால் சரிந்த வேகத்திலேயே எழுந்துவிட்டது.

அதுவரை எல்லாரும் மலாயில் பேசிக்கொண்டிருந்தோம். நான் தமிழில் கேட்டேன்.

"நாப்பத்தேழுக்கு மட்டும் ஏம்மா ஒம்போதே நாளு?"

"தெரியல டாக்டர். தேடிப் பார்த்தேன், அந்தக் குடும்பம் எங்க போச்சுன்னே தெரியல. பிள்ளை தங்கலன்னு நினைக்கிறேன். இருந்திருந்தா எந்தத் தாயி ஒம்போதாம் நாளே மரத்துக்குப் போவா? அப்படித்தான் அடிக்குறிப்புல போட்டிருக்கேன்."

அவளுடைய ஆய்வேட்டைப் புரட்டி அந்த அடிக்குறிப்பில் விரலை வைத்தேன்.

"அந்தக் குறிப்ப மாத்திடும்மா," என்றேன். "பிள்ளை தங்கிருச்சு. இப்பதான் உனக்குக் கையெழுத்துப் போட்டுச்சு."