வாசலுக்கு வராத பக்கோடா

பூங்கோதையின் கணவர் கதிரேசன் இறந்து ஒரு வருடமான பிறகும், மாலையானால் அவர்கள் வளர்த்த பக்கோடா என்ற நாய் வாசல் கேட்டருகே போய் நின்று தெருவையே வெறித்தது. டீக்கடைப் பொறையோடு அவர் வருவார் என்று காத்திருப்பதாகப் பூங்கோதை ஊரெல்லாம் பெருமை பேசினாள்.

ஒரு நாள், நோயைக் கண்டுபிடிக்க மாநகராட்சி எல்லா நாய்க்கும் மாட்டியிருந்த கழுத்துப்பட்டையில் பக்கோடாவுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"மூளையில அழற்சி ஆரம்பிச்சிருக்குக்கா," என்றாள் கால்நடை டாக்டர் ரெஜினா. "அது வெறிச்சு நிக்கிறதே அதனாலதான்."

"போம்மா! அவருக்காக நிக்குது. ஊசியைப் போட்டு மறக்கடிச்சிடாத."

"போடலைன்னா நாயே இருக்காதுக்கா. ஸ்டெம் செல் இப்பவே ஏத்தினா முழுசா குணமாயிடும்."

பூங்கோதை வெகுநேரம் பக்கோடாவின் காதைத் தடவினாள். பிறகு, "போடு," என்றாள்.

ஊசி பலித்தது. பக்கோடா மாலை நேரங்களில் சோபாவுக்கடியில் மல்லாந்து குறட்டை விட்டது. கேட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஆளில்லாத கேட்டைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு மாலை பூங்கோதையே போய் நின்றாள். தெருவிளக்கு எரிந்த பிறகும் உள்ளே வரவில்லை.

வீட்டுக்குள் குறட்டை நின்றது. பக்கோடா வெளியே வந்து தெருவை ஒரு தடவை பார்த்தது. பிறகு அவள் முந்தானையைக் கவ்வி உள்ளே இழுத்தது.